வடக்கு வாசல் வளையம்

துரை சொல்லச் சொல்ல தங்கையன் டைப் அடிச்சுக்கிட்டிருந்தான். காது மட்டும் பின்பக்கத்துக் கார் ஷெட்டுல கிடந்துச்சு. அங்கேதான் அவன் தம்பி பிச்சையா பழைய சாக்குகளுக்கு நடுவுல ஒடுங்கிக் கிடந்தான். தெக்கே, தமிழ்த் தாலுக்காவையெல்லாம் தமிழ்நாட்டோட சேக்கணும்னு போன ஊர்வலத்துல போலீஸ் சுட்டதும், சிதறி ஓடின கூட்டத்துல அவனும் ஒருத்தன். பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு வயல் வரப்புலயே நடந்து, விடியக்காலம் நந்தன்கோட்டு பங்களாவுல அண்ணன் முன்னால வந்து நின்னான். ஊர்ல வீடு புகுந்து ஆளைப் பிடிக்கிறாங்களாம். பிடிச்சுக்கொண்டு போனவன் நேரா நடந்து திரும்பினதில்லைன்னு பேச்சு.

"லே, மிண்டாம, சத்தம் காட்டாம கெட. தண்ணியும் நான் கொண்டு தாறேன். வெளிய எறங்கிராத, கேட்டியா?"

"நீ பயப்படாதண்ணே," ன்னான் அவன். பல்லு தந்தியடிச்சுது.

லாங்டன் துரை இங்கே காலேஜ்ல பாடம் எடுத்து ஓய்வானவர். கண்ணுல புரை விழுந்தாச்சு. சீமையில தான் பிறந்த கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலையும் ஊரையும் பத்தின சரித்திரத்தை எழுதி முடிச்சுட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு இருக்கார். கோயிலைவிட மூத்த யூ மரம், பாசி பிடிச்ச கல்பாலம், வாயாடிப் பெண்களை நாற்காலியோட முக்கி எடுத்த குளம். அந்த ஊருக்குள்ள தங்கையன் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பான். இந்த மலையாள ஊர்லதான் இப்போ நடக்கப் பயம். சாயாக்கடையில தமிழ் வாயில வந்துரக்கூடாதேன்னு விரலைக் காட்டியே சாயா கேக்கிறான்.

இன்னைக்கு அந்தக் கோயிலோட வடக்கு வாசல் வந்துச்சு. கதவுல ஒரு சிங்கமுகம், அது வாயில கடிச்ச இரும்பு வளையம். கொலையே செஞ்சவன் ஆனாலும் ஓடிவந்து அதைப் பிடிச்சுட்டா ராஜா ஆளுங்க தொடக்கூடாதாம். தங்கையனோட விரல் நின்னு போச்சு. துரைக்கு ஷெட்டு விஷயம் தெரிஞ்சிருக்குமோ? அதை எல்லாரும் மதிச்சாங்களான்னு கேட்டான்.

மதிச்சாங்கன்னார் துரை. ஒருத்தனை அவங்க தொடவே இல்லையாம். யூ மரத்தடியில போய் உக்காந்துக்கிட்டாங்க. அவன் கண்ணு அசந்து, கை வளையத்துல இருந்து நழுவுற வரைக்கும்.

வெளிக்கேட்டு கிறீச்சுன்னுது. கூம்புத் தொப்பி வச்ச ஒரு போலீஸ்காரன் வீட்டைச் சுத்தி நேரா கிணத்தடிக்குப் போனான். தங்கையன் ஓடினான். செம்பருத்தி வேலி மேல ஈர வேட்டி ஒண்ணு நாலு மூலையும் இழுத்து விரிச்சுக் கிடந்துச்சு. ஊர்ல வயல்ல இருந்து வந்ததும் செய்யறதை இங்கேயும் செஞ்சிருக்கான், தம்பிப் பாவி. அலசியும் வேட்டிக்கரையில வயல்சேறு போகலை.

"இது ஆருட முண்டு?"

"என்றெயா, சாரே." தன்னோடதுன்னு தங்கையன் முந்திக்கிட்டான்.

போலீஸ்காரன் தங்கையன் இடுப்புல இருந்த வெள்ளை வேட்டியைப் பாத்தான். அப்புறம் சேறு படாத அவன் காலைப் பாத்தான். வீடு எங்கேன்னு கேட்டதுக்கு, மலையாள ஊரான நெய்யாற்றின்கரைன்னு தங்கையன் மலையாளத்துலயே பொய் சொன்னான்.

"பின்னெ எந்தினாடோ விறைக்குந்நது?"

ஏன் நடுங்குறேன்னு போலீஸ்காரன் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, உள்ளேருந்து துரை, யார் அங்கேன்னு இங்கிலீஷ்ல குரல் கொடுத்தார். போலீஸ்காரன் சட்டுனு ரெண்டடி பின்வாங்கினான். வெள்ளைக்காரன் வீட்டுக் கதவைத் திறக்கிற தைரியம் அவனுக்கு இல்லை. தண்ணி வாங்கிக் குடிச்சான். தொப்பியைக் கழட்டிக்கிட்டு, ஷெட்டுக்கு எதிரே பலா மரத்தடியில சாவகாசமா உக்காந்து பீடி பத்த வச்சான்.

"ஞான் இவிடெ இத்திரி இருந்நோட்டே." கொஞ்ச நேரம் இங்கேயே உக்காந்துக்கிறேன்னான்.

தங்கையன் உள்ளே திரும்பினதும் துரை கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். தங்கையன் காகிதத்தைத் தூக்கிப் பிடிச்சான். எழுத்து ஒண்ணும் தெரியலை. ஜன்னல் வழியா ஷெட்டுக் கதவு தெரிஞ்சுது. உள்ளே பிடிச்சா வெளியேயும் அசையுற அதோட இரும்புப் பிடி, காத்தே இல்லாம, லேசா நடுங்கிக்கிட்டிருந்துச்சு.