இறக்கி வைத்த முழங்கால் வலி

காலை ஒன்பது பத்துக்குக் கப்பலை விட்டு இறங்கிய அம்மாள், தன் இரண்டு முழங்கால் வலியையும் துறைமுகச் சுமைகாரி ஒருத்தியிடம் இறக்கி வைத்துவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போனாள். முப்பத்தோரு வருடம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்து சேர்த்த வலி. மாடிப்படியைக் கண்டாலே பல்லைக் கடிக்க வைக்கும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ விடாது. அவள் மகன் அந்தக் கப்பலில் சமையல்காரன். பத்து வருடம் உழைத்தவனின் வீட்டார் இரண்டு பேரைக் கம்பெனி ஒருமுறை இலவசமாக ஏற்றிக்கொள்ளும் என்பதால் மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள்.

வலி சுமப்பது அந்தத் துறைமுகத்தில் புதிதல்ல. கிரேன் வந்து மூட்டைகளைப் பிடுங்கிக்கொண்டபின் சுமைகாரர்கள் இரண்டு வருடம் சும்மா கிடந்தார்கள். மூன்றாம் வருடம் சங்கம் பேசி இந்த வேலையை வாங்கியது. பயணி வலியைச் சொல்லி ஒப்படைத்தால் சுமைகாரி ஒரு பித்தளை வில்லை கொடுப்பாள். ஐந்து மணிச் சங்குக்குள் வில்லையைக் கொடுத்து வலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சங்கு ஊதிவிட்டால் சுமந்தவளுக்கே சொந்தம். குதிகால் செருப்பு வலி, முந்தின ஊரில் கடை கடையாகப் பை தூக்கிய தோள்வலி, மெத்தை ஒத்துக்கொள்ளாத இடுப்புவலி என்று ஒருத்தி ஒரே நேரத்தில் ஆறேழு சுமப்பாள்.

"எவ்வளவு இருக்கும்கா?" என்று சுமைகாரி கேட்டாள்.

"கொஞ்சந்தான்மா."

மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். நிறைய என்று சொன்னவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. சுமைகாரியும் நம்பி, மேற்கொண்டு ஐந்து பேர் வலியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அம்மாள் நடந்தாள். கடற்கரைச் சாலை, மீன் ஏலக்கூடம், பழைய கோட்டைச் சுவர் எல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் மணிக்கூண்டின் இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் நிற்காமல் ஏறினாள். "என்னைக் கொல்லவா அத்தை கூட்டிட்டு வந்தீங்க?" என்று மருமகள் பின்னால் மூச்சு வாங்கினாள். "பொண்ணு நல்ல திடமா இருக்கான்னு தரகர் சொன்னாரு. ஏமாத்திட்டாரு" என்றாள் அம்மாள். மேலே எல்லோரும் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவள் சுவர்ப்பூச்சைத் தடவிப் பார்த்தாள். நல்ல வேலை. இவ்வளவு உயரத்துக்குச் சாந்து ஏற்றியவளின் முழங்கால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான், காலையில் சொன்ன பொய் உறைத்தது.

"மணி என்னடி?"

"நாலு இருபது. சந்தைக்குப் போயிட்டுப் போகலாம் அத்தை."

"அந்தப் பொண்ணு அங்க செத்துக்கிட்டிருப்பா. இறங்கு."

சுமைகாரி கிடங்கு வாசலில் தரையோடு கிடந்தாள். மற்ற ஐந்து பேரும் தங்கள் வலியை வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். இரண்டு முழங்காலும் குடம் மாதிரி வீங்கியிருந்தன. திட்டப்போகிறாள் என்று அம்மாள் நின்றாள்.

"என்ன வேலை பாத்தீங்கக்கா?"

"சித்தாள். பொய் சொல்லிட்டேன்மா. சீக்கிரம் குடு."

"அதான பாத்தேன். கிரேன் வந்தப்புறம் இன்னைக்குத்தான் சுமைன்னு ஒண்ணு தூக்கியிருக்கேன். மத்தவங்களுதெல்லாம் பஞ்சு."

வலது முழங்கால் வலியை எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் அதை வாங்கிப் பொருத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இடதுக்குக் கை நீட்டினாள். சுமைகாரி காலை மடக்கிக்கொண்டாள். "இது இருக்கட்டும். ரெண்டையும் வச்சுக்கிட்டு இனிமே எத்தனை படி ஏறுவீங்கக்கா?"

"கிறுக்காடி உனக்கு? குடு."

"முடியாதுக்கா."

இருவரும் இழுபறியில் இருந்தபோதே சங்கு ஊதியது.

இது நடந்து ஒன்பது வருடம். மகன் வருடம் ஒருமுறை அந்தத் துறைமுகம் போய் வருகிறான். சுமைகாரி இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள் என்றும், எவ்வளவு கேட்டும் தரமாட்டேன் என்கிறாள் என்றும் சொல்கிறான். அம்மாள் தினமும் கட்டிலிலிருந்து இடது காலை முதலில் ஊன்றி எழுந்து, "நல்லா இருடி" என்று கடல் இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாய் கொப்பளிக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் அதிசயப்படுவதில்லை. சுமைகாரியிடம் அம்மாள் பட்ட கடன் ஒன்றுதான்: இடது முழங்காலின் முப்பத்தோரு வருட வலி. அது இன்னும் தீரவில்லை.