தலையணை உறைக்குள்ள லெட்டூஸ்

...அப்போ ஈரம்தான், வேற ஒண்ணுமே இல்ல, இலையில தண்ணி நின்னா எண்ணெயும் எலுமிச்சையும் எப்படி ஒட்டும், வழுக்கிட்டுப் போய் அடியில குளமா நிக்குது, இது தெரியாம மூணு சனிக்கிழமையா சாஸ்ல தேனைக் கூட்டி, கடுகு விழுதைக் குறைச்சு... ச்சே, எவ்ளோ பெரிய லூசு நான்னு தன்னையே திட்டிக்கிட்டு, ஐஸ் தண்ணியில கிடந்த லெட்டூஸ் இலைய அள்ளி, துவைச்சு வெச்ச தலையணை உறைக்குள்ள திணிச்சா, வாயைத் திருகிப் புடிச்சுக்கிட்டு பால்கனியில நின்னு சுத்தோ சுத்துன்னு சுத்தினா, தண்ணி நாலு பக்கமும் தெறிக்குது, கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட்டுட்டு இருந்தவங்க அண்ணாந்து, "ஏய், என்னடி பண்ற?"ன்னாங்க, "சாலட், அக்கா!"ன்னா இவ, "சாலட்டா? நான் ஏதோ தலையணையக் கொலை பண்றியோன்னு பாத்தேன்"னாங்க. கொலைதான், ஆனா தலையணைய இல்ல, அந்த இலைராணிய. பேரு இவ வெச்சதுதான், அப்பாவுக்கு அது "அந்தம்மா", தெருமுனைக் கட்டடத்துல இருக்கற சாலட் கடைக்காரம்மா, எட்டு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி ஆனா அப்பா அங்கதான். அம்மா இருந்தவரைக்கும் வெள்ளரிக்காயத் தட்டோட ஓரத்துக்குத் தள்ளின மனுஷன், "நான் என்ன ஆடா?"ன்னு கேட்ட மனுஷன், அம்மா போய் மூணு வருஷத்துல இலையா மேயறாரு, யாரு கையால? ஒரு தடவ இவளையும் கூட்டிட்டுப் போனாரே, அந்தம்மா வந்து, கேக்காமலே அப்பா கிண்ணத்துல மட்டும் மிளகைப் பொடிச்சுத் தூவிட்டு, "நீதானா அது, அப்பாவுக்கு எப்பப் பாரு உன் பேச்சுதான்"னு சிரிச்சாங்களே, அப்பாவுக்கு மிளகு புடிக்கும்னு இவளுக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது... இதே ருசி வீட்லயே கிடைச்சா அவரு ஏன் அங்க போகப் போறாரு? சொல்லுங்க, ஏன் போகணும்?

வெங்காயத்த ஐஸ் தண்ணிலேர்ந்து எடுத்துப் பிழிஞ்சாச்சு, காரம் போயிடுச்சு, ரொட்டித் துண்டுல பூண்டு தடவி மொறுமொறுன்னு வறுத்தாச்சு, சாஸை நடுவுல கொட்டாம கிண்ணத்தோட சுவர்ல விட்டு, கரண்டிய ஒதுக்கிட்டுக் கையாலயே அடிலேர்ந்து தூக்கித் தூக்கிப் போட்டா, அந்தம்மா அப்படித்தான் பண்ணாங்க, இவ கண் கொட்டாம பாத்தா இல்ல அன்னைக்கு, வளையலைக் கூட முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுக்கிட்டு... இப்ப இவளும் ஏத்தி விட்டிருக்கா, எப்ப ஏத்துனா? மிளகு. மறக்காம மிளகு. அப்பா வந்து உக்காந்தாரு, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட நீலச் சட்டை, வீட்டுச் சாப்பாட்டுக்கு எதுக்கு இஸ்திரின்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டா. அவரு ஒரு வாய் எடுத்தாரு, இலை நறுக்குன்னு சத்தம் போட்டுச்சு, நிமிந்து பாத்தாரு, "பாப்பா, அப்படியே அவங்க செய்யற மாதிரியே இருக்கு!" ஜெயிச்சுட்டா. கிண்ணத்த வழிச்சுத் தின்னாரு. அப்புறம் கடிகாரத்தப் பாத்தாரு, செருப்ப மாட்டினாரு, "ஒரு டீ அடிச்சுட்டு வந்துடறேன்"னாரு.

அந்தம்மா கடை மெனு இவளுக்கு மனப்பாடம், அங்க டீயே கிடையாது. கத்தலாமா, அழலாமா, கேட்டே புடலாமா... ஆனா கை என்னமோ மிச்ச சாலட்ட டப்பாவுல அடைச்சு, ரொட்டித் துண்டு ஊறிடக்கூடாதுன்னு தனியா ஒரு பொட்டலம் கட்டி நீட்டுது. "இத... அவங்களத் தின்னு பாக்கச் சொல்லுங்க. இலையில ஈரம் இருக்கான்னு கேளுங்கப்பா." அப்பா காது வரைக்கும் சிவந்து, டப்பாவை ரெண்டு கையாலயும் வாங்கிட்டுப் படியிறங்கினாரு. பால்கனியில ஈரத் தலையணை உறை ஆடுது, அதுக்குப் பக்கத்துல போய் நின்னு அவரு முனை திரும்பற வரைக்கும் பாத்துட்டிருந்தா, யோசிச்சுப் பாத்தா சதசதன்னு இருந்த அந்த மூணு வாரமும் அப்பா "நல்லாருக்கு பாப்பா"ன்னுதானே சொன்னாரு, பூரா காலி பண்ணிட்டுதானே அங்க கிளம்பினாரு... அப்போ இவ்ளோ நேரம் இந்த உறையச் சுத்துனது யாரு வாயால நல்லாருக்குன்னு கேக்கறதுக்கு? வளையல் இன்னும் முழங்கையிலயே இருக்கு, இறக்கி விடத் தோணல.