ரெட்டைக்கை

அவள் தகட்டை மிஷின் அச்சில் வைத்தாள். இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் இருந்த பச்சைப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினாள். டமாரென்று அச்சு இறங்கி ஏறியது. ஒரு டப்பா மூடி ஆயிற்று. பக்கத்து மிஷினில் அதற்குள் அடுத்த தகடு ஏறிவிடும்.

இரண்டையும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. மற்ற ஐந்து மிஷின்களிலும் வலது பொத்தானை சைக்கிள் டியூப் துண்டால் அமுங்கியே இருக்கும்படி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலது கை தகடு வைக்கும், இடது கை அமுக்கும். போன வருஷம் வேறு கம்பெனியிலிருந்து வந்த ஒருத்திதான் டியூபைக் கொண்டுவந்தாள். "விரல் வேணாமாடி உனக்கு?" என்று அன்றைக்கு அவளைக் கிழி கிழியென்று கிழித்தாள், ஆறு பேரில் மூத்தவளான குட்டையக்கா. அடுத்த மாதமே குட்டையக்காவும் டியூப் கட்டிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக. இப்போது கட்டாதவள் இவள் ஒருத்திதான். ரெட்டைக்கை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆறு பேரும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் மூடி போட்டால்தான் யாரும் வீட்டுக்குப் போகலாம். ஐந்து பேரும் தங்கள் பங்கை முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இன்னும் எண்பது பாக்கி.

"மகாராணி மெதுவாவே போடட்டும். நமக்கென்ன, வீடா வாசலா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு பெஞ்சிலும் அவளுக்கு இடம் இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்று சாப்பிட்டாள்.

குட்டையக்கா கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "எம் பையனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். தனியாப் படுத்துக் கெடக்கான். ஆறரைக்கு டாக்டர் கிளம்பிடுவாரு."

"பயமா இருக்குக்கா."

"அப்ப நாங்கல்லாம் என்னடி, பைத்தியமா?"

ஒரு வருஷமாக ஐந்து பேர் போடுகிறார்கள், ஒரு நகம்கூடப் போகவில்லை. தான்தான் வீம்பு பிடிக்கிறோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. "கட்டுக்கா" என்றாள். குட்டையக்கா பையிலிருந்து டியூப் துண்டை எடுத்து, பொத்தான்மேல் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

வலது கை உள்ளே போய் வந்த ஒவ்வொரு தடவையும் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். கால் மணியில் எண்பதும் முடிந்தது. "அப்பாடா, வழிக்கு வந்துட்டா!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். மறுநாள் பெஞ்சில் இடம் இருந்தது. பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே குட்டையக்கா தன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்தார். ஆறு டியூப்களையும் பார்த்தார். பார்க்காதவர் போலவே போய், கரும்பலகையில் பன்னிரண்டாயிரத்தை அழித்துவிட்டுப் பதினைந்தாயிரம் என்று எழுதினார். "இப்பதான் எல்லாருமே சுறுசுறுப்பாயிட்டீங்களே!" அடுத்தவள் ஏதாவது சொல்வாள் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

பிறகு ஒரு தாளை அட்டையில் வைத்து மிஷின் மிஷினாகக் கொண்டுவந்தார். அவள் வேலையை நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாதம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும். ஒரு கையெழுத்துதானே."

'மிஷினை எப்போதும் இரண்டு கைகளாலும் மட்டுமே இயக்குகிறேன். மீறினால் அதற்கு நானே பொறுப்பு' என்று தாளில் இருந்தது. அவள் ஒரு தகட்டை உள்ளே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். இடது கை பொத்தானை அமுக்கியது. அச்சு இறங்கியபோது வலது கை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.