புகைமணி மாலை

இஸ்திரிக் கடையின் இளைய மருமகள் நன்றி சொன்னால் அவள் வாயிலிருந்து புகை மணி மணியாக வரும். வந்து மூத்த மருமகளின் கழுத்தில் மாலையாக அமரும். இதில் தெருவுக்கு எந்தச் சிரமமும் இல்லை, பக்கத்தில் காயும் வெள்ளைச் சட்டைகளில் கொஞ்சம் கரி படிவதைத் தவிர.

அதற்கு முன் இருவரும் ஒரே மேசையின் இரு முனையில் நின்று, பேசாமலே ஊர்த் துணியைத் தேய்த்தார்கள். நீதிபதியின் கால்சட்டையில் இரட்டை மடிப்பு விழுந்தது யார் கையால் என்பதுதான் தகராறு. வழக்கு நீதிபதிக்கே தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வார்கள். "பெட்டி, கரி தீரப் போவுதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு." பெட்டி சொல்லாது, ஆனாலும் கரி வந்துவிடும்.

எதிர்க்கடைக்காரர் அலங்கார நகை விற்பவர். பெயர்ப்பலகையில் தன்னை 'ஆபரணச் சக்கரவர்த்தி' என்று எழுதிக்கொண்டவர். சக்கரவர்த்திக்குச் சம்பளத்துக்கு ஆள் ஒருவர்தான். தன் கோட்டை நன்றாகத் தேய்த்துக் கொடுத்ததற்காக இளையவளுக்கு ஒரு செயற்கை முத்துமாலையைப் பரிசளித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். மறுநாள் அவள் வழக்கம்போல் பெட்டிமேல் குனிந்து கரிக் கங்கை ஊதினாள். பொறி பறந்து மாலையில் பட்டது. முத்துக்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எரிந்தன. மஞ்சள் புகை கடையை நிறைத்தது. துணிக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை மூத்தவள் அவள்மேல் கவிழ்த்தாள், எரியும் சரத்தை வெறுங்கையால் அறுத்தெறிந்தாள், அவளைத் தெருவுக்கு இழுத்தாள். பல வருடத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு: "அறிவிருக்காடி? இதப் போட்டுக்கிட்டா நெருப்ப ஊதுவ?"

கழுத்துப் புண் ஆறிவிடும், உள்ளே போன புகைதான் தொல்லை, குரல் திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். மூத்தவள் கட்டுப்போட்ட கையோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடனமாடும் பிள்ளைகளுக்கெல்லாம் அதே மாதிரி மாலையைப் போடப்போகிறார் சக்கரவர்த்தி; மேடையில் விளக்கேந்தி நடனம். மூத்தவள் போய்ச் சொன்னதற்கு, "பெட்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, முத்தக் குத்தம் சொல்றீங்க" என்றார். எரிந்தவளே சொன்னால்தான் ஊர் கேட்கும். எரிந்தவளுக்கோ காற்றுகூடச் சரியாக வரவில்லை.

சக்கரவர்த்தி பழக்கூடையும் போட்டோக்காரருமாக வார்டுக்கு வந்தார். "எங்க முத்து அக்கினியிலயே பொறந்தது" என்று ஆரம்பித்தார். இளையவள் வாய் திறந்தாள். சொல் வரவில்லை, மஞ்சள் மணி ஒன்று மிதந்துபோய் அவர் காலரில் உட்கார்ந்தது. அவர் பேசப் பேச, பெருமைக்கு ஒரு மணியாகச் சரம் நீண்டது. எரிந்த மாலையின் அதே நாற்றம். அவர் இருமினார்; கண்ணில் நீர் கொட்டியது. போட்டோக்காரர் கடமை தவறாமல் படம் எடுத்தார்.

"பேசுங்கண்ணே, இடுப்பு வரைக்கும் வரட்டும்" என்றாள் மூத்தவள்.

"போதும்மா... எரியும். எல்லாமே எரியும்" என்றார் அவர், இருமலுக்கு நடுவே. உடனே புகை கலைந்தது. அன்று சாயங்காலமே முத்துமாலை மூட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தீயணைப்பு நிலையத்தில் ஒப்படைத்தார். பிள்ளைகள் காகிதப் பூ போட்டுக்கொண்டு ஆடினார்கள். விளக்குக்குப் பதிலாக டார்ச் லைட். நடனம் என்னவோ சுமார்தான். எல்லாரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

அன்று வார்டிலிருந்து அவர் போனதும் இளையவள் மறுபடி வாய் திறந்தாள். "அக்கா" என்று கரகரப்பாக ஒரு குரல் வந்தது. கூடவே வெள்ளை மணிகள். அவற்றில் நாற்றமில்லை, வெயிலில் காய்ந்த துணியின் வாசனை.

இப்போது அவள் குரல் பாதிதான். மழைநாளில் மூச்சு வாங்கும். தினம் காலையில் அந்தப் பாதிக் குரலில் நன்றி சொல்கிறாள். "எத்தன தடவடி சொல்லுவ, சட்டையெல்லாம் கரியாவுது" என்று திட்டியபடியே மூத்தவள் வெள்ளைத் துணிகளைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்து கழுத்தை நீட்டுகிறாள். மாலை அமர்ந்த பிறகு, பெட்டியின் கங்கை மூத்தவளே ஊதுகிறாள். நீதிபதியின் கால்சட்டையில் சில நாள் இரட்டை மடிப்பு விழுகிறது. யார் கையால் என்று இருவரும் பார்ப்பதில்லை.