ஆற்றங்கரைப் பொந்தில் மாமியார்

எங்கள் சனத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை அன்று காலையில் என் உயிரை வாங்கிவிட்டது.

வெள்ளைக்காரனின் மாடு ஒன்று எங்கள் ஈட்டி பட்டுச் செத்ததற்காக, அவன் ஆட்கள் துப்பாக்கியோடு குதிரையில் வந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாருன் முதலில் ஓடி, ஆற்றுமரத்தின் வேருக்கடியில் இருந்த பொந்துக்குள் புகுந்துவிட்டார். பின்னாலேயே வந்த அம்மா வாசலில் நின்றுவிட்டாள்.

“உள்ள உன் புருசன் இருக்காரு. நான் வரமாட்டேன்.”

“குதிரைச் சத்தம் கேக்குதும்மா.”

“கேக்கட்டும். மானம் போறதுக்குப் பதிலா உயிரே போகட்டும்.”

உள்ளிருந்து இவர், “உங்கம்மாவை வரச் சொல்லு. நான் வெளிய போயிடறேன்.”

“அவரை அங்கயே கிடக்கச் சொல்லு.”

சாவதற்கு நீ முந்தி, நான் முந்தி என்று இரண்டு பேரும் உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். கங்காருத் தோலை அவர் தலையில் போட்டு மூடினேன். அம்மாவைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக உள்ளே தள்ளினேன். நானும் நுழைந்து புல்லை இழுத்து வாசலை மறைத்தேன்.

“நான் எதுமேல உக்காந்திருக்கேன்?” என்றாள் அம்மா.

தோலுக்குள்ளிருந்து இவர் முனகினார். “கல்லுன்னு சொல்லு.”

அவ்வளவுதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் குதிரைகள் தலைக்கு மேலே வந்து நின்றன. மண் உதிர்ந்தது. ஒரு சத்தம் வெளியே போனால் மூன்று பேரும் பிணம். நான் என் கையைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் முதுகு குலுங்கியது, கல்லும் குலுங்கியது. பாழாய்ப்போன சிரிப்பு, அடக்க அடக்க ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒருவழியாகக் குதிரைகள் நகர்ந்தன.

கொஞ்ச நேரத்தில், ஆற்றோரம் எங்கள் சனம் தங்கியிருந்த கீழ்முகாம் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. அங்கே இவருடைய அண்ணன்மார் இருந்தார்கள். தோலை வீசிவிட்டு இவர் எழுந்தார். நான் பிடித்த பிடி போதவில்லை. அம்மா திரும்பினாள். இரண்டு கையாலும் அவர் தலைமுடியைப் பற்றி, நேராக முகத்தைப் பார்த்தாள்.

“போகாத, மகனே. உன்னையும் கொன்னுடுவாங்க.”

பொழுது சாயும்வரை அவள் பிடியை விடவில்லை.

முறை தவறியவர்களை விசாரிக்கும் பெரியவர்கள் எல்லாரும் கீழ்முகாமில்தான் இருந்தார்கள். தண்டனை வாங்கிக்கொள்ள அம்மா அங்கே போய் நின்றாள். கேட்பதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை.