நின்ற காற்றாடியும் ஏறிய முள்ளும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காற்றாலை வரப்போகிறது என்று டோரதி சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தில் வெட்டிக்கொள்ளாமல் தப்பித்ததே பெரிய விஷயம். டோரதி என் மனைவி. எதையும் என்னிடம் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. முடிவு செய்துவிட்டுத் தகவல் சொல்வாள்.

"மாடி போர்ஷன் பொண்ணு கேட்டுச்சு. சரின்னுட்டேன்" என்றாள்.

மாடி போர்ஷன் பெண்ணின் பெயர் தாரணி. பணகுடிக்காரி. எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, பீன்யா பக்கம் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தாள். திடீரென்று ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டாள். வீட்டு மாடியில் வைக்கிற மாதிரி சின்னக் காற்றாலை செய்து விற்கப்போகிறாளாம். இது நடந்தது 2001-இல். ஊரில் படித்த பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று வைட்ஃபீல்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் மாடியில் உட்கார்ந்து மரம் செதுக்கிக்கொண்டிருந்தாள். நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மூட்டையைப் பார்த்தாலும் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இவளையும் அப்படித்தான் பார்த்தேன்.

மூன்று மர இறக்கைகள். அவற்றைச் சக்கரத்தில் பூட்டி, ஒரு ஸ்டாண்டில் மாட்டி, மெல்லச் சுற்றிவிடுவாள். எந்த இறக்கை கனமோ அது கீழே வந்து நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்ப்பாள். மறுபடி சுற்றிவிட்டால் இன்னொன்று கீழே வரும். அதைத் தேய்ப்பாள். வீடு முழுக்க மரத்தூள் படிந்தது.

"போதும்மா. கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்துக்கு ஏன் இப்படி மாரடிக்கிறே?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது அங்கிள். உங்க வீட்டுச் சுவத்துக்குத் தெரியும். ஒரு பக்கம் கனமா இருந்தா வேகமா சுத்தும்போது கம்பமே ஆடும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் தூங்கவே முடியாது."

சுவர் என்னுடையது என்பதால் அதற்குமேல் நான் பேசவில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்கள் கோயிலுக்குப் போய்வந்த பிறகு, கம்பம் ஏறியது. அடுகோடி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, இரும்புக் குழாயின் அடியில் கதவுக்கு வைக்கிற மாதிரி கீல் வைத்து வாங்கிவந்திருந்தாள். குழாயை மாடியில் படுக்கவைத்து, தலைமாட்டில் கரண்ட் எடுக்கும் இயந்திரத்தை இறக்கைகளோடு பூட்டிவிட்டு, கயிறு கட்டி அப்படியே நிமிர்த்துவதாக ஏற்பாடு. பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். போதாது என்று என் கையிலும் ஒரு கயிற்றைக் கொடுத்தாள். டோரதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு கயிற்றைப் பிடித்தாள்.

தூக்குவதற்கு முன்னால், இயந்திரத்தில் இருந்து வரும் மூன்று வயர்களின் நுனியையும் தாரணி ஒன்றாக முறுக்கினாள். அப்படிச் செய்தால் எவ்வளவு காற்று அடித்தாலும் இறக்கை வேகம் எடுக்காதாம். நான் நம்பவில்லை. கம்பம் நிமிர்ந்தது. ஆடிக் காற்று டோரதியின் முந்தானையை முகத்தில் அடித்தது. மேலே இறக்கைகள் நோயாளி நடப்பது மாதிரி மெல்ல அசைந்ததோடு சரி. தாரணி தூக்குக்குண்டு பிடித்துக் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். அதன் பிறகுதான் அந்த மூன்று வயர்களையும் பிரித்தாள்.

இறக்கைகள் கிளம்பின. முதலில் மூன்றாகத் தெரிந்தவை கொஞ்ச நேரத்தில் ஒரே வட்டமாகிவிட்டன. கரண்டைச் சேர்த்துவைக்க மாடிப்படிக்குக் கீழே ஒரு லாரி பேட்டரியும் மீட்டரும் வைத்திருந்தாள்; இறங்கிப் பார்த்தால் மீட்டர் முள் எழுந்து நின்றது. நான் கைதட்டப் போனேன். அவளோ வயர்களை மறுபடி சேர்த்து நிறுத்திவிட்டாள். பிறகு ஓடவிட்டாள். திரும்ப நிறுத்தினாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க இதே வேலை.

"ஓட்டிப் பாக்குறதை விட்டுட்டு நிறுத்தி நிறுத்திப் பாக்குறியே" என்றேன்.

"சுத்துறது காத்தோட வேலை அங்கிள். நிறுத்துறதுதான் என் வேலை. புயல் அடிக்கும்போது நிக்கலைன்னா ஒரு இறக்கை பிச்சிக்கிட்டுப் போய் யார் வீட்ல விழும்னு யாருக்குத் தெரியும்?"

அந்த நிமிஷத்தில்தான் என் சந்தேகம் விட்டுப்போனது. தான் செய்த பொருளின் பெருமையைச் சொல்லுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தான் செய்த பொருளால் யாருக்கு அடிபடும் என்று முதலில் யோசிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆடியும் ஆவணியும் எங்களுக்கு ராஜபோகம். தெருவில் கரண்ட் போனால் எங்கள் ஹாலில் மட்டும் விளக்கு எரியும். டோரதி வேண்டுமென்றே ஜன்னல் திரையை விலக்கி வைப்பாள். பக்கத்து வீடுகளில் இருந்து ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தார்களே தவிர யாரும் வாங்கவில்லை. தாரணியின் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. பணகுடியில் அவள் அப்பா பொறுமை இழந்து, யாரையோ பிடித்து வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை ஏற்பாடு செய்துவிட்டார். அக்டோபர் கடைசியில் சேர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சிவசங்கரன் என்பவரிடமிருந்து போன் வந்தது. சிக்கமகளூர் பக்கம் காபி எஸ்டேட் வைத்திருக்கிறார். மலைச்சரிவில் அவருடைய ஆட்கள் குடியிருக்கும் பன்னிரண்டு வீடுகளுக்குக் கரண்ட் லைன் இல்லை. வீட்டுக்கு ஒன்று போடலாமா என்று நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இந்த ஆர்டர் கிடைத்தால் வைட்ஃபீல்டுக்குப் போக வேண்டாம் என்று தாரணியின் அப்பாவும் ஒத்துக்கொண்டார். கிடைக்காவிட்டால் போயே ஆக வேண்டும்.

சிவசங்கரன் வருவதாகச் சொன்ன வாரம் பார்த்துக் காற்று செத்துப்போயிற்று. ஆடியில் அடித்த காற்றெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தாரணி பேரிங் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தாள். எங்கள் ஹால் விளக்குகள் மங்கிப் பழுப்பாகிவிட்டன. டோரதி காலையும் மாலையும் மாடிக்குப் போய், ஆடாமல் நின்ற இறக்கைகளை முறைத்துவிட்டு வருவாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து நான் சும்மா இருந்தேன்.

தாரணி காலை பஸ்ஸில் வந்து இறங்கிக் குளித்து முடிப்பதற்குள் சிவசங்கரன் காரில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு, நல்ல மனிதராகத் தெரிந்தார். மாடிக்கு ஏறிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்றாடி அப்படியே நின்றது. தாரணியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எல்லோரும் கீழே இறங்கி மாடிப்படிக்குக் கீழே வந்தோம். அவர் ஸ்விட்சைப் போட்டார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"காத்தே இல்ல, இப்படி எரியுதே. பரவாயில்லையே" என்றார். இன்னொரு விளக்கையும் போட்டுப் பார்த்தார். "எனக்கு வேற ஒண்ணும் பாக்க வேணாம்மா. பன்னெண்டும் போட்டுடலாம்."

நான் சந்தோஷத்தில் டோரதியைப் பார்த்துச் சிரித்தேன். தாரணி சிவசங்கரனையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபி ஆறுது, எல்லாரும் ஹாலுக்கு வாங்க" என்றாள் டோரதி. இரண்டாம் தரம் சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

தாரணி குனிந்து பேட்டரியின் பின்பக்கம் கையைவிட்டாள். அங்கிருந்து ஒரு வயர் போனது. அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். வயர் அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. டிரம்மை நகர்த்தினாள். அங்கே எதையோ ஒரு கைப்பிடித் துணி மூடியிருந்தது. அதை எடுத்தாள். என் பழைய ஃபியட் காருக்கு நான் வாங்கிய பேட்டரி சார்ஜர், சுவரில் இருந்த பிளக்கில் மாட்டப்பட்டு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

டோரதி தரையைப் பார்த்தாள். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் காபி தேடி ஹால் பக்கம் திரும்பியே விட்டார். அந்தத் துணியை எடுத்த மாதிரியே திரும்ப மூடிவிட்டால் போதும். டோரதி சொல்லமாட்டாள். நான் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆர்டர் வாய்வார்த்தையாக வந்துவிட்டது.

தாரணி பிளக்கைப் பிடுங்கினாள். சார்ஜரைத் தூக்கிவந்து ஹாலில் டீப்பாயில் காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், நீங்க பாத்த வெளிச்சம் காத்தாடியோடது இல்ல. இதுல இருந்து வந்தது. காத்தாடி நிக்குது, ஆனா மீட்டர் முள் பதினாலு வோல்ட்ல நின்னுச்சு. அப்படி நிக்கணும்னா எங்கிருந்தோ கரண்ட் ஏறணும். வீட்டு லைன்ல இருந்து ஏறியிருக்கு."

சிவசங்கரனின் முகம் இறுகிவிட்டது. "என்னை ஏமாத்தப் பாத்தீங்களா?"

"நான்தான் போட்டேன்" என்றாள் டோரதி. "பாப்பா ஊர்லயே இல்ல, அவளுக்குத் தெரியாது. ஆடி மாசம் பூரா நல்லாத்தான் ஓடுச்சு. நீங்க வர்ற அன்னைக்குப் பாத்துக் காத்து இல்லன்னா அவ என்ன பண்ணுவா? ரெண்டு நாள் கரண்ட் கடனா குடுத்தேன். அவ்ளோதான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு கணம் தாரணி மேல்தான் கோபம் வந்தது. வந்த லட்சுமியை வாசலோடு அனுப்புகிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

சிவசங்கரன் சார்ஜரைத் தொட்டுப் பார்த்தார். "நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார்.

"இன்னைக்குத் தெரிஞ்சிருக்காது சார். ஆனா அங்க பன்னெண்டு வீடு இருக்கு. காத்து இல்லாத அன்னைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் டோரதி ஆன்ட்டி சார்ஜர் தூக்கிட்டு வர முடியாதே."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. காபியை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"எங்க மலையில காத்து எப்படி இருக்கும்?"

"தெரியாது சார். முதல்ல போன்ல கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். கம்பம் நட்டு, காத்தை அளக்குற கருவி வச்சு, ஒரு வருஷம் பாக்கணும். நல்ல காத்து இருந்தா போடலாம். இல்லன்னா வேணாம், சோலார் வச்சிக்கோங்க. அதையும் நானே சொல்லிடுவேன்."

சிவசங்கரன் எழுந்தார். "ஆர்டர் இப்போதைக்கு இல்ல. கம்பம் வேணும்னா வந்து நட்டுக்கோ. தங்க இடம், சாப்பாடு பாத்துக்கிறேன். மத்ததுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்" என்றார். டோரதியிடம், "காபி நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் சத்தம் தேய்ந்ததும் டோரதி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தாரணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மேல இவ்வளவு நம்பிக்கை எங்க வீட்லயே யாரும் வச்சதில்ல ஆன்ட்டி. ஆனா இனிமே பேட்டரிய மட்டும் தொடாதீங்க" என்றாள்.

பிறகு எழுந்து, "அங்கிள், ஒரு போன் பண்ணிக்கவா?" என்று கேட்டாள். எங்கள் போன் ஹாலில்தான் இருந்தது. வைட்ஃபீல்ட் கம்பெனியைக் கூப்பிட்டாள். மரியாதையான இங்கிலீஷில், தன்னால் வேலையில் சேர முடியாது என்றும் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படியும் சொன்னாள். ரிசீவரை வைத்தாள். கையில் ஆர்டர் இல்லை, முன்பணம் இல்லை. மலையில் ஒரு கம்பம் நட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும்தான் இருந்தது.

"ஒரு வருஷம் கழிச்சு அங்க காத்தே இல்லன்னா என்ன பண்ணுவே கண்ணு?" என்றாள் டோரதி.

"இல்லன்னு தெரிஞ்சிக்குவோம். வேற மலைக்குப் போவோம்" என்றாள் தாரணி. பிறகு எங்களைப் பார்த்து, "இப்பதான் கஷ்டமான போன்" என்று சொல்லிவிட்டுப் பணகுடிக்கு எஸ்டிடி போட்டாள்.

நான் டோரதியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்தவர் அப்பாவோடு பேசுவதைக் கேட்கக் கூடாது என்றுதான் போனேன். கதவைச் சாத்தியும் கேட்டது.

"அப்பா, தாரணி பேசுதேன்" என்றாள். அந்தப் பக்கம் அப்பா ஆர்டரைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். ஆர்டர் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கம்பம் நடுகிற கதையை மட்டும் பேசியிருந்தால் பாதித் திட்டு குறைந்திருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஆர்டர் வந்துதுப்பா" என்றாள். "நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

டோரதி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் சத்தம் காட்டாமல் நின்றோம்.