வாடிக்கையாளர் சொன்னது

மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் சோதனைப் படிவத்தில் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டம்: ‘வாடிக்கையாளர் சொன்னது, அவர் வார்த்தைகளிலேயே.’ எட்டாவது: ‘ஓட்டிப் பார்த்தது. புகார் சொன்னவரே ஓட்ட வேண்டும்.’ நடுவில் உள்ள ஆறும் கருவிகளுக்கும் அளவுகளுக்கும். அக்காவின் காரைச் சோதிக்க உட்கார்ந்த அன்று நான் இரண்டாவது கட்டத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருப்பேன். அப்படி நினைத்தேனா என்பதே இப்போது உறுதியில்லை.

விபத்து நடந்து அன்றைக்குப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. அக்காதான் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பெரிய சந்திப்புக்கு வந்தார்கள். பச்சை விழுந்தது. நட்ட நடுவில் என்ஜின் அணைந்தது. பின்னால் வந்த வேன் இடித்தது. மாமாவுக்குக் கழுத்தில் சுளுக்கு, பட்டை போட்டார்கள். அக்காவுக்கு ஒரு கீறலும் இல்லை. இருபது நிமிடம் கழித்து வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அதுதான் அக்காவுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்த பட்டறைக்காரரும், “வண்டியில ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லிவிட்டார்.

வண்டியில் ஒன்றும் இல்லை என்றால் ஓட்டியவளிடம்தான் இருக்க வேண்டும்.

மாமா கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார்: “கிளட்ச சட்டுனு விட்டுட்ட, அதான் அணைஞ்சுது. பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கும். ஆனா போதும், இனிமே ஓட்ட வேணாம்.” சாவியைத் தன் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம் ஞாயிறு மாலை வண்டியை வாங்க ஒருவர் வருவதாகப் பேசி முடித்தார்.

அக்கா குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊருக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் காலை ஐந்து மணிக்கு மாதிரி எடுத்துச் சோதிப்பவள் அவள். நிலையம் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்நேரத்தில் பேருந்து கிடையாது. இரண்டு வாரம் விடுப்பு கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் காலை முறை வேறொருவருக்குப் போகும். அவள் நகர அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்கு எண் போடும் மேசையில் உட்கார வேண்டும். பதினோரு வருடமாக அந்தத் தண்ணீரைப் பார்த்தவள். இதை அவள் சொல்லவில்லை, கணக்குப் பார்த்தது நான். அவள் அந்த நாட்களில் எதற்கும் “ம்” என்றுதான் சொன்னாள். சாப்பிட்டியா, ம். மழை வருமா, ம். வண்டியை விற்றுவிடலாமா, ம்.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் என்ஜின் கட்டுப்பாட்டு வகுப்பு. ஐந்து மாதம் ஆகிறது. தெரிந்துகொண்டதை நோட்டில் எழுதிவைப்பேன், அதனால் வகுப்பில் என் பெயரே ‘நோட்டு’.

பதிமூன்றாவது நாள், வியாழக்கிழமை, வகுப்பிலிருந்து, வண்டியின் கணினி சேமித்துவைக்கும் பிழை எண்களைப் படிக்கும் கருவியை இரவல் வாங்கிவந்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள பொருத்தியில் செருகி, ஆணியிலிருந்து எடுத்துவந்த சாவியைத் திருப்பினேன். கருவி சற்று யோசித்துவிட்டு, சேமித்த பிழை ஒன்று என்று காட்டியது. எச்சரிக்கை விளக்கு எரியாமலே ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. எண் வந்தது. நான் ‘அழி’ பொத்தானை அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்று எழுத வேண்டும். வகுப்பில் ஒரே ஒரு பழைய கார். எங்களுக்கு முன்னால் பிற்பகல் வகுப்புக்காரர்கள் அதில் ஒயரைக் கழற்றி மாட்டிப் பிழைகளை உண்டாக்கிவிட்டுப் போவார்கள். எனவே நாங்கள் உட்கார்ந்ததும் முதல் வேலை, அவர்கள் விட்டுப்போன குப்பையை அழிப்பது. ஐந்து மாதமாக வாரம் மூன்று நாள் அழித்த விரல். அது என்னைக் கேட்கவில்லை.

திரையில் ‘பிழை ஏதும் இல்லை’ என்று வந்தது. எண்ணில் மூன்று என்ற இலக்கம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்ததாக ஞாபகம். அது என்ஜின் சுழற்சியைப் பார்க்கும் சென்சராக இருக்கலாம். புகைக்குழாய் சென்சராகவும் இருக்கலாம். இரண்டு மூன்றுகள் இருந்தனவா, அல்லது இருந்தால் நல்லது என்று நினைக்கிறேனா? நோட்டில் மூன்று எண்களை எழுதி மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அக்காவின் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியை நானே வாயடைத்துவிட்டேன். அழுகை வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கருவியைப் பெட்டியில் வைத்து ஒயரைச் சுற்றினேன்.

மறுநாள் வகுப்பில் டார்ச்சிடம் சொன்னேன். அவன் பேருந்துப் பணிமனையில் மின்வேலை செய்கிறவன். பட்டப்பகலிலும் சட்டைப்பையில் டார்ச் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

“எழுதாம அழிச்சியா? நீயா? நோட்டே எழுதலைன்னா நாங்கெல்லாம் எங்க போறது?”

“கிண்டல் பண்ணாத. இப்ப என்ன பண்றது?”

“சீட்டைக் கிழிச்சுட்டா காய்ச்சல் போயிடுமா? வியாதி உள்ளதான் இருக்கு. திரும்ப வர வை. எப்ப அணைஞ்சுது, சூட்டுலயா குளிர்லயா?”

“தெரியல.”

“ஓட்டுனவங்க என்ன சொன்னாங்க?”

அவன் என் படிவத்தை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். முதல் கட்டத்தின் மேல் வெளிச்சத்தை நிறுத்தினான்.

“காலியா இருக்கே, தாயே.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுக்கா. நீ சொல்றத அப்படியே எழுதணும்.”

“எதுக்குடி?”

“படிவத்துல இருக்கு.”

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். “கிளட்ச விட்டுட்டேன்.”

“அப்படியா நடந்துச்சு?”

“அப்படித்தான்னு சொல்றாங்க. நான்தான் ஓட்டுனேன். அப்போ நான்தான் விட்டிருப்பேன். எழுதிக்கோ.”

அவள் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன்: ‘கிளட்ச விட்டுட்டேன்.’ எழுதும்போதே அது மாமாவின் குரலில் கேட்டது. பதினான்கு நாளாக யாருமே அவளிடம் கேட்கவில்லை, எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் கருவியில் அழித்ததைப் போல அவள் ஞாபகமும் அழிந்திருக்குமோ என்று நோட்டில் எழுதினேன். பிறகு, இது நன்றாக இருக்கிறதே என்பதற்காக எழுதுகிறேனோ என்று சந்தேகம் வந்து, அந்த வரியை நோட்டில் அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் வாசலில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்தேன். காற்றுக் குழாயை ஓரமாகத் தள்ளினால் சுழற்சி சென்சர் இருக்கும் இடத்துக்குக் கை போகும். குளிர்ந்த நிலையில் அளந்தேன். அளவு சரியாக இருந்தது. பழுது இருந்தாலும் சூடேறினால்தான் வெளிப்படும் என்று வகுப்பில் படித்தது; அன்றும் அரை மணி நெரிசலில் சூடேறிய பிறகுதான் அணைந்தது. சமையலறையிலிருந்து நீள ஒயர் இழுத்து, அக்காவின் முடி உலர்த்தியை மாட்டினேன். மாமா கழுத்துப் பட்டையோடு வந்து நின்றார்.

“என்னம்மா, வண்டிக்குத் தலை குளிப்பாட்டுனியா?”

“சென்சரைச் சூடாக்கறேன் மாமா.”

“நாளைக்கு வாங்க வர்ற ஆளு கேட்டா, வண்டி தலை வாரிப் பொட்டு வச்சுட்டு வருதுன்னு சொல்றேன்.”

நான் பானட்டுக்குள் குனிந்திருக்கும்போது உள்ளே உட்கார்ந்து, என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஊசியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாமாவால் குனிந்து உட்கார முடியாது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓட்டுநர் கதவைத் திறந்து, கை துடைத்த துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால்களை மிதிகளிலிருந்து நன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எதையும் மிதிக்காதக்கா. சுழற்சி ஊசியை மட்டும் பாரு.”

“ம்.”

என்ஜின் ஓடியது. சூடான காற்றைச் சென்சர் மேல் பிடித்தேன். பத்து நிமிடம், ஒன்றுமில்லை. பதினெட்டு நிமிடம், ஒன்றுமில்லை. உலர்த்தியே சூடாகிக் கை சுட்டது. மாமா, “போதும்மா, அவ பாவம்” என்றார். நான் தப்பான சென்சரைச் சூடாக்குகிறேனோ? இரண்டு மூன்றுகள் இல்லவே இல்லையோ? நோட்டில் நேரத்தை எழுதப் போனபோது கவனித்தேன்; இவ்வளவு நேரம் காற்றை ஒயர்ச் செருகியின் மேல் பிடித்திருக்கிறேன். சென்சரின் உடல் அதற்குக் கீழே இருந்தது. உலர்த்தியைத் தாழ்த்திப் பிடித்தேன்.

முப்பத்தோராவது நிமிடத்தில் என்ஜின் நின்றது. இருமல் இல்லை, உதறல் இல்லை. பேச்சை யாரோ வெட்டியது போல நின்றது.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. “படுத்துடுச்சு.”

“எது?”

“ஊசி. அது படுத்துச்சு, அப்புறம்தான் சத்தம் நின்னுது.” பிறகு யாரையும் பார்த்துப் பேசாத மாதிரி தொடர்ந்தாள்: “அன்னைக்கும் இப்படித்தான். வண்டி உருண்டுட்டே இருந்துச்சு, ஊசி மட்டும் அடியில கிடந்துச்சு. என்னடா இதுன்னு பார்த்தேன். கிளட்ச நான் அப்புறம்தான் மிதிச்சேன்.”

நான் கை துடைக்காமலே பேனாவை எடுத்தேன். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கியரில் வண்டி உருளும்வரை சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஊசியும் மேலேயே நிற்க வேண்டும். உருளும்போதே ஊசி அடியில் கிடந்தால், என்ஜின் சுற்றுவது அதை நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியவில்லை, அதனால் அணைத்துவிட்டது என்று பொருள். கிளட்சை எப்படி விட்டாலும் அது நடக்காது.

கருவியைச் செருகினேன். எண் வந்தது. மூன்று, மூன்று, ஐந்து. முதலில் எழுதினேன். எழுதியதைத் திரையோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். மாமாவையும் படிக்கச் சொன்னேன். அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் படித்தார்.

“அப்போ வண்டிதானா?” என்றார்.

அக்கா துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் போனைப் பார்த்துட்டு இருந்தேன்,” என்றார் மாமா. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் சற்று நின்றுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை டார்ச் புது சென்சர் வாங்கிவந்து, நான் மாட்டுவதை வேடிக்கை பார்த்தான். மீண்டும் உலர்த்தி, நாற்பது நிமிடம். என்ஜின் அணையவில்லை. எட்டாவது கட்டம் மட்டும் பாக்கி.

“நீயே ஓட்டிப் பாத்துட்டு வாயேன்,” என்றாள் அக்கா.

“எனக்கு லைசென்ஸ் இல்லக்கா.”

“அக்கு வேற ஆணி வேறயா பிரிக்கிறா, ஓட்டத் தெரியாது,” என்றார் மாமா. பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அக்காவின் கையில் கொடுக்காமல், மேசையில் அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தார். “நான் பின்னாடி உட்காந்துக்கறேன்.”

அதே சாலை, அதே சந்திப்பு. ஞாயிறாக இருந்தும் நெரிசல் இருந்தது. என்ஜின் சூடேறி, விசிறி இரண்டு முறை ஓடி நின்றது. சிவப்பில் நின்றபோது அக்கா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“அக்கா, பச்சை.”

போனோம். நடுவைத் தாண்டினோம். எனக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஊசி ஆயிரத்து எண்ணூறில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா போனில், “வண்டி விக்கலைங்க, மன்னிக்கணும்” என்று சொல்வது கேட்டது. அக்கா சாவியை ஆணியில் மாட்டவில்லை. நிலையத்துக்குக் கொண்டுபோகும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“நாளைக்கு மூணே முக்காலுக்கு என்னை எழுப்பிவிடு. அலாரத்த நம்ப முடியல.”

“சரிக்கா. கடைசிக் கட்டத்துல என்ன எழுத?”

“போனோம், வந்தோம்னு எழுது.”

எழுதினேன். பிறகு படிவத்தை அவளிடம் காட்டினேன். முதல் கட்டத்தில் மேலே ‘கிளட்ச விட்டுட்டேன்’ என்று இருந்தது. அதன் கீழே, நேற்று கிரீஸ் கையோடு எழுதியதில் கொஞ்சம் கறை பட்டு, ‘ஊசி படுத்துச்சு, அப்புறம்தான்’ என்று ஆரம்பிக்கும் வரிகள்.

“மேல இருக்கறத அடிச்சுடவா?”

அவள் இரண்டையும் படித்தாள். நிதானமாகப் படித்தாள், தண்ணீர் மாதிரியின் சீட்டைப் படிப்பது போல.

“வேணாம். இருக்கட்டும். அதையும் நான்தானே சொன்னேன்.”